எந்த உப்பைக் கொடுத்தாலும் குளோரைடு வருகிறது, எங்கே தப்பு?

பாலக்கோடு டீச்சர்
*தொடக்கப் பதிவு*

எல்லோருக்கும் வணக்கம். பாலக்கோடு பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுக்கிறேன். மூன்று வாரமாக உப்புப் பகுப்பாய்வு நடக்கிறது, அதாவது கொடுத்த உப்பு எது என்று சோதனை செய்து கண்டுபிடிப்பது. ஒரே ஒரு சிக்கல் எங்களைப் பாடாய்ப் படுத்துகிறது.

எந்த உப்பைக் கொடுத்தாலும் குளோரைடு வருகிறது. ஜிங்க் சல்பேட் கொடுத்தேன், குளோரைடு. மெக்னீசியம் சல்பேட், அதற்கும் குளோரைடு. கால்சியம் கார்பனேட் கிடைத்த பெண், அமிலம் விட்டவுடன் நுரைத்துப் பொங்கியதைப் பார்த்துக் கார்பனேட் என்று சரியாக எழுதிவிட்டாள். அடுத்த சோதனையில் குளோரைடும் வந்துவிட்டது. எதை அடிப்பது என்று தெரியாமல் இரண்டையும் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு நோட்டை நீட்டினாள். எனக்கும் பதில் தெரியவில்லை.

செய்முறை புத்தகத்தில் உள்ளபடிதான். உப்போடு சோடியம் கார்பனேட் சேர்த்துக் கொதிக்க வைத்து, வடிகட்டி, சாறு எடுக்கிறோம். அதில் நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டு, சில்வர் நைட்ரேட் சில சொட்டு. உடனே வெள்ளையாகிறது. அம்மோனியம் ஹைட்ராக்சைடு விட்டால் கரைந்தும் போகிறது. அதாவது புத்தகப்படி அது குளோரைடேதான்.

சில்வர் நைட்ரேட் பாட்டிலில்தான் கோளாறு என்று புதிதாக ஒன்று வாங்கினேன். விலை உங்களுக்கே தெரியும். அதிலும் இதே கதை.

இன்னொன்றும் பார்த்தேன். லெட் நைட்ரேட்டைத் தண்ணீரில் கரைத்தால் தெளிவான கரைசல் வர வேண்டும். எங்களுக்குக் கஞ்சித் தண்ணீர் போல வருகிறது. இது தனிக் கோளாறா, இரண்டும் ஒன்றா என்று தெரியவில்லை. அரையாண்டுத் தேர்வு நெருங்குகிறது. யாராவது இதைப் பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

---

கூம்புக்குடுவை

டீச்சர், கிருஷ்ணகிரியில் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். முதலாண்டில் சேரும் பிள்ளைகள் பலர் இதே குழப்பத்தோடுதான் வருகிறார்கள். அவசரப்பட்டு ஒன்றைக் கைகாட்ட வேண்டாம். உங்கள் குழாய்க்குள் போவது உப்பு மட்டும் அல்ல. தண்ணீர், சோடியம் கார்பனேட், நைட்ரிக் அமிலம், சில்வர் நைட்ரேட், வடிதாள், குழாயின் சுவரில் ஒட்டிய ஈரம், எல்லாமே போகிறது. குளோரைடு எதன் முதுகில் ஏறி வந்தாலும் விடை ஒன்றுதான்.

எனக்கு உடனே தோன்றுவது மூன்று. ஒன்று, நைட்ரிக் அமில பாட்டிலின் டிராப்பரை யாராவது ஹைட்ரோகுளோரிக் அமில பாட்டிலில் வைத்து எடுத்திருக்கலாம். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் இது சாதாரணம். இரண்டு, சோடியம் கார்பனேட் கடைச் சோடா உப்பாக இருந்தால் அதில் சாப்பாட்டு உப்பு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். மூன்று, தண்ணீர்.

நைட்ரிக் அமிலம் போதாமல் விட்டாலும் சில்வர் கார்பனேட் வீழ்படிவு வரும், அதையும் பிள்ளைகள் குளோரைடு என்று எழுதுவார்கள். அது சற்று மஞ்சளாக இருக்கும், இன்னும் கொஞ்சம் அமிலம் விட்டால் நுரைத்துக் கரைந்துவிடும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது அதுவல்ல. ஆனாலும் நுரை முழுதும் நின்று, நீல லிட்மஸ் சிவப்பான பிறகுதான் சில்வர் நைட்ரேட் விட வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்குப் பழக்கிவிடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது வெற்றுச் சோதனை. உப்பே போடாமல் மற்ற எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். வெள்ளையானால் குற்றவாளி உப்பு இல்லை. அப்புறம் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரே தடவையில் இரண்டை மாற்றிவிட்டால் எது காரணம் என்று கடைசி வரை தெரியாது.

எந்தத் தண்ணீரைப் பயன்படுத்துகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. போர் தண்ணீரா?

---

பிளஸ் டூ பிள்ளை

வணக்கம் டீச்சர், வணக்கம் சார். நான் பென்னாகரம் பக்கம். எங்கள் ஊரில் தண்ணீரில் ஃபுளோரைடு இருக்கிறது என்று சின்ன வயதிலிருந்து சொல்கிறார்கள். ஃபுளோரைடும் குளோரைடும் ஒரே தொகுதிதானே? சில்வர் நைட்ரேட்டில் வெள்ளையாக வருவது அந்த ஃபுளோரைடாக இருக்குமா?

---

தென்பெண்ணை

நல்ல கேள்வி தம்பி. ஆனால் இல்லை. ஹாலஜன் குடும்பத்தில் சில்வர் குளோரைடு, புரோமைடு, அயோடைடு மூன்றும் தண்ணீரில் கரையாது. சில்வர் ஃபுளோரைடு மட்டும் நன்றாகக் கரையும். அதனால் தண்ணீரில் எவ்வளவு ஃபுளோரைடு இருந்தாலும் சில்வர் நைட்ரேட்டின் கண்ணுக்கு அது தெரியாது. டீச்சர் குழாயில் தெரிவது குளோரைடு.

தண்ணீர் பரிசோதனை வேலையில் பல வருடம் இருந்தவன் நான். ஃபுளோரைடு பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. டீச்சரின் சோதனை முடிவு வந்த பிறகு எழுதுகிறேன்.

---

அரூர் அப்பா

எனக்கு வேதியியல் அவ்வளவாகத் தெரியாது. பிளஸ் டூவில் என் மகள் படிக்கிறாள், அதனால் படித்தேன். ஒரு பெற்றோராக மனதில் பட்டதைச் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தேர்வில் நீல நிற உப்பு என்றால் காப்பர் என்று பிள்ளைகளுக்கே தெரிந்துவிடுகிறது. சல்பேட்டுக்கு என்ன எழுத வேண்டும் என்று செய்முறை நோட்டில் இருக்கிறது. அதன்படி எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். தண்ணீர் எங்கிருந்து வந்தது, அமிலத்தில் என்ன கலந்தது என்று தோண்டிக்கொண்டிருந்தால் மற்ற பாடங்களுக்கு நேரம் எங்கே? எங்கள் பிள்ளைகள் பல மைல் பஸ்ஸில் வந்து படிக்கிறவர்கள். அவர்களுக்கு மதிப்பெண்தான் அடுத்த படி.

---

பாலக்கோடு டீச்சர்

அப்பா, நீங்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. என் வகுப்பிலும் மல்லுப்பட்டியிலிருந்தும் பஞ்சப்பள்ளிப் பக்கத்திலிருந்தும் பஸ் மாறி வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். மதிப்பெண் வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு பெண் குழாயைக் கண்ணால் பார்க்கிறாள், வெள்ளையாக இருக்கிறது. அவளிடம் நான் "வெள்ளை வரவில்லை என்று எழுது" என்று சொல்ல வேண்டும். ஒருமுறை அப்படிச் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு அவள் எந்தக் குழாயையும் பார்க்க மாட்டாள், நோட்டை மட்டும்தான் பார்ப்பாள். நாளை அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்திலோ மருந்துக் கம்பெனியிலோ வேலைக்குப் போனால் என்ன செய்வாள்? எனக்கு அதுதான் பயம்.

கூம்புக்குடுவை சார், ஆமாம், போர் தண்ணீர்தான். காய்ச்சி வடித்த நீர் வாங்குவதை எப்போதோ நிறுத்தியிருக்கிறார்கள். நான் சேர்ந்தபோதே குழாயில் பிடித்து வைப்பதுதான் வழக்கமாக இருந்தது. நானும் கேட்காமல் விட்டுவிட்டேன். நாளைக்கே வெற்றுச் சோதனை செய்கிறேன்.

---

பழைய லேப் அசிஸ்டென்ட்

டீச்சரம்மா, தருமபுரி மாவட்டத்துப் பள்ளிகளில் இருபத்தெட்டு வருடம் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்த 2004க்கு முன்பே அந்தப் பக்கமும் வேலை பார்த்திருக்கிறேன். உங்கள் பதிவைப் படித்ததும் பழைய ஆய்வகத்துக்குள் நடந்து போன மாதிரி இருந்தது.

நான் கண்ணால் பிடித்து வைத்த அடையாளம் ஒன்று சொல்கிறேன். உப்பிலேயே குளோரைடு இருந்தால் சில்வர் நைட்ரேட் விட்டதும் தயிர் திரிந்த மாதிரி திப்பி திப்பியாக வரும், குலுக்கினால் கட்டியாகி அடியில் உட்காரும். தண்ணீரிலிருந்து வந்த குளோரைடு என்றால் மோர் மாதிரிதான் வரும். கலங்கும், திப்பி கட்டாது, சீக்கிரம் அடியில் தங்காது. உங்கள் பிள்ளைகளுக்கு வருவது தயிரா மோரா என்று பாருங்கள்.

அப்புறம், கழுவுவது. குழாயைப் போர் தண்ணீரில் கழுவித் தலைகீழாக ஸ்டாண்டில் மாட்டிவிட்டால் சுத்தமாகிவிட்டது என்று நினைக்கிறோம். உள்ளே நாலு சொட்டு நிற்கும். அந்த நாலு சொட்டு போதும். குழாய்த் தண்ணீரில் எத்தனை முறை வேண்டுமானாலும் கழுவுங்கள், கடைசி இரண்டு முறை நல்ல நீரில் கொஞ்சமாக விட்டுச் சுழற்றி ஊற்றுங்கள். முழுக் குழாயையும் நிரப்ப வேண்டாம். ஐந்து மில்லி போதும்.

நல்ல நீருக்கு நாங்கள் மழையை நம்பினோம். ஐப்பசி, கார்த்திகையில் மைதானத்து நடுவில் முக்காலி போட்டு, அதன்மேல் நன்றாகக் கழுவிய பிளாஸ்டிக் டிரம்மை வைப்போம். வாயில் வெள்ளை வேட்டித் துணி கட்டியிருக்கும். மழை பிடித்து முதல் கால் மணி நேரம் டிரம்மை மூடியே வைத்திருக்க வேண்டும், காற்றில் இருக்கிற தூசி எல்லாம் அதில் கழுவி இறங்கிவிடும். அப்புறம் திறந்தால் வருவது நல்ல தண்ணீர். கூரைத் தண்ணீர் கூடாது. 2003லிருந்து எல்லாக் கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்புக் குழாய் இருக்கிறது, அது நிலத்துக்குள் விட நல்லது. ஆய்வகத்துக்கு ஆகாது. கூரையில் காக்கை எச்சமும் சிமென்ட் தூசியும் இருக்கும்.

அவசரத்துக்குப் பேட்டரி தண்ணீர் வாங்கலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. மெக்கானிக் கடைகளில் பேட்டரி தண்ணீர் கேனும் பேட்டரி ஆசிட் கேனும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். ஆசிட் என்பது சல்பியூரிக் அமிலம். வாங்கியவுடன் லிட்மஸ் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும். பெரிய எழுத்தில் பெயர் எழுதி ஒட்டுங்கள்.

---

பாலக்கோடு டீச்சர்
*இரண்டு நாள் கழித்து*

ஐயா, மோர்தான். தயிர் இல்லை. நீங்கள் எழுதியதைப் படித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

வெற்றுச் சோதனையைப் பிள்ளைகளையே செய்ய வைத்தேன். கரும்பலகையில் எழுதிப்போட்ட முடிவை அப்படியே இங்கே தருகிறேன். பின்னால் கறுப்பு அட்டை வைத்துப் பார்த்தோம், லேசான கலங்கல்கூட அதில் தெரிந்துவிடுகிறது.

போர் தண்ணீர், நைட்ரிக் அமிலம், சில்வர் நைட்ரேட்: உடனே மோர்.

பேட்டரி தண்ணீர், அதே அமிலம், அதே சில்வர் நைட்ரேட்: கண்ணாடி போலத் தெளிவு. ஆக அமிலமும் சில்வர் நைட்ரேட்டும் சுத்தம். டிராப்பர் மாறவில்லை.

பேட்டரி தண்ணீர், ஆனால் போர் தண்ணீரில் கழுவி அப்போதுதான் ஸ்டாண்டிலிருந்து எடுத்த குழாய்: லேசான கலங்கல். ஐயா சொன்ன நாலு சொட்டு.

பேட்டரி தண்ணீரோடு சோடியம் கார்பனேட் சேர்த்து, அமிலம் விட்டு நுரை அடங்கிய பிறகு: இதிலும் கலங்கல். இதை நான் எதிர்பார்க்கவில்லை. டப்பாவைப் பார்த்தால் மேலே ஒட்டிய காகிதமே இல்லை. எப்போதோ யாரோ கடைச் சோடாவை ரொப்பி வைத்திருக்க வேண்டும். வேதியியல் அறையின் அலமாரியில் ஏ.ஆர். தரத்தில், அதாவது சோதனைக்கென்றே தூய்மையாகத் தயாரித்த சோடியம் கார்பனேட், சிறு பாட்டில் ஒன்று திறக்காமலே இருந்தது. அதை வைத்துச் செய்தோம், தெளிவு.

அதாவது எங்களுக்குக் குளோரைடு மூன்று வழியில் வந்திருக்கிறது. தண்ணீரை மட்டும் மாற்றியிருந்தால் பாதிதான் தீர்ந்திருக்கும்.

லெட் நைட்ரேட் பேட்டரி தண்ணீரில் தெளிவாகக் கரைந்தது.

வகுப்பு முடிந்து மணி அடித்த பிறகும் பிள்ளைகள் போகவில்லை. தண்ணீர் பாட்டிலில் இருந்த குடிதண்ணீர், கேன் தண்ணீர், தலைமையாசிரியர் அறையின் ஆர்.ஓ. தண்ணீர் என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார்கள். ஆர்.ஓ. தண்ணீரிலும் மெல்லிய கலங்கல் வந்தது. சில்வர் நைட்ரேட் தீர்ந்துவிடும் என்று நான்தான் நிறுத்தச் சொன்னேன். இரண்டு பேர் விரலில் கறுப்புக் கறை. அது தானாகப் போக ஒரு வாரம் ஆகும், இனி கையுறை கட்டாயம்.

---

கூம்புக்குடுவை

அருமை டீச்சர். உங்கள் நான்காவது குழாய்தான் எனக்கு மிகவும் பிடித்தது.

ஆர்.ஓ. தண்ணீர் ஏன் கலங்கியது என்றால், அந்த இயந்திரம் உப்பைப் பெரும்பாலும் நீக்குமே தவிர முழுதும் நீக்காது. சில்வர் குளோரைடு ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய 2 மில்லிகிராம்தான் கரையும். அதற்கு மேல் உருவாகிற துளியும் வெளியே வந்துவிடும். உங்கள் போர் தண்ணீரில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் குளோரைடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். இந்தியத் தர நிர்ணய அமைப்பு குடிநீருக்கு 250 வரை ஏற்கத்தக்கது என்கிறது, ஆகவே இது குடிப்பதற்குக் குறையில்லாத தண்ணீர். அதில் 5 மில்லி எடுத்தால் 1 மில்லிகிராம் குளோரைடு. அது 4 மில்லிகிராம் சில்வர் குளோரைடு ஆகும். அதுதான் அந்த மோர். குடிக்க நல்ல தண்ணீர் வேறு, சோதனைக்கு நல்ல தண்ணீர் வேறு என்பதைப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைப் போட்டே காட்டலாம்.

லெட் நைட்ரேட் கலங்கியதற்குக் காரணம் போர் தண்ணீரில் இருக்கிற பைகார்பனேட்டும் சல்பேட்டும். லெட் கார்பனேட், லெட் சல்பேட் இரண்டும் கரையாதவை.

இனி தரம்பார்த்தலுக்கு (டைட்ரேஷன், பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளவு காண்பது) வருவோம். அங்கே இது இன்னும் மோசம், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாது. போர் தண்ணீரின் காரத்தன்மை கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு 400 மில்லிகிராம் என்று வையுங்கள். 50ஆல் வகுத்தால் 8 மில்லி சமானம் (அமிலத்தையும் காரத்தையும் ஒன்றுக்கு ஒன்று ஈடாக அளக்கிற அலகு). 0.1 நார்மல் அமிலம் ஒரு லிட்டரில் இருப்பது 100 மில்லி சமானம். அந்த அமிலத்தைப் போர் தண்ணீரில் தயாரித்தால் 8 பங்கைத் தண்ணீரே தின்றுவிடும், மிஞ்சுவது 0.092 நார்மல். மெத்தில் ஆரஞ்சு வைத்துத் தரம் பார்க்கிற பிள்ளைக்கு 20 மில்லியில் நிற்க வேண்டிய பியூரெட் 21.7இல் நிற்கும். அவள் கை நடுங்கவில்லை, நிறமாற்றத்தைத் தவறவிடவில்லை. ஆனாலும் விடை தப்பு. "உனக்குச் சரியாகச் செய்யத் தெரியவில்லை" என்று நாம் சொல்லிவிடுவோம். எத்தனை பிள்ளைகளுக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கிறேன் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

ஆக்சாலிக் அமிலத்தைப் போர் தண்ணீரில் கரைத்து வைத்தால் ஒரு மணி நேரத்தில் கலங்கும். கால்சியம் ஆக்சலேட் இறங்குகிறது. கலங்கினால் அதைக் கொட்டிவிட்டு வேறு தயாரியுங்கள்.

---

ஊத்தங்கரை நடுநிலைப் பள்ளி

நான் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். இந்த இழையைப் பார்த்ததும் எனக்கும் விடை கிடைத்த மாதிரி இருக்கிறது. சுண்ணாம்பு நீரில் ஊதினால் பால் போல மாறும் என்று செய்து காட்ட நினைத்தேன். வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பு டப்பா ஒன்று, எப்போதோ கடையில் வாங்கியது, பீரோவில் திறந்து கிடந்தது, அதை எடுத்துத் தண்ணீரில் கலக்கினேன். ஊதுவதற்கு முன்பே பால் மாதிரிதான் இருந்தது. வடிகட்டி எடுத்த தெளிவில் எவ்வளவு ஊதியும் ஒன்றும் ஆகவில்லை. எங்கள் போர் தண்ணீர்தான் காரணமா?

---

கூம்புக்குடுவை

உங்களுக்குத் தண்ணீர் முதல் காரணம் அல்ல என்று நினைக்கிறேன் டீச்சர். சுண்ணாம்பு பழசு.

போர் தண்ணீரில் இருக்கிற கால்சியம் பைகார்பனேட்டோடு சுண்ணாம்பு சேர்ந்தால் கால்சியம் கார்பனேட் வெள்ளையாக இறங்கும் என்பது உண்மை. கடின நீரைச் சுண்ணாம்பு போட்டே மென்மையாக்கும் முறைக்கு தாமஸ் கிளார்க் 1841இல் காப்புரிமை வாங்கினார். ஆனால் அதற்கு லிட்டருக்குக் கால் கிராம் அளவு சுண்ணாம்பு செலவாகலாம், அவ்வளவுதான். தாராளமாகப் போட்டால் மிச்சச் சுண்ணாம்பு கரைந்து நல்ல சுண்ணாம்பு நீர் கிடைத்துவிடும். லிட்டருக்கு ஒன்றரை கிராமுக்குக் கொஞ்சம் கூடத்தான் அது கரையும்.

பீரோவில் திறந்து கிடந்த சுண்ணாம்பு காற்றில் இருக்கும் கரியமில வாயுவைக் குடித்துக் கார்பனேட்டாகவே மாறிப்போயிருக்கும். கரைவதற்கு அதில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. ஒரு துண்டின் மேல் வினிகர் விட்டுப் பாருங்கள். சீறிப் பொங்கினால் அது சுண்ணாம்பு இல்லை, சாக்குக்கட்டியின் தம்பி.

புதிதாக நீற்றிய கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்குங்கள். ஒரு பாட்டில் தண்ணீரில் இரண்டு மூன்று கரண்டி போட்டுக் குலுக்கி, மூடி இறுக்கி, ராத்திரி முழுதும் ஆடாமல் வையுங்கள். காலையில் மேல் தெளிவை மட்டும் சாய்த்து எடுங்கள். ஸ்ட்ராவில் ஊதச் சொல்லுங்கள், உறிஞ்சக் கூடாது என்று இரண்டு முறை சொல்லுங்கள், கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பால் போல ஆன பிறகும் விடாமல் ஊதினால் மறுபடி தெளிவாகும். அது பைகார்பனேட். அந்தத் தெளிந்த நீரைக் கொதிக்க வைத்தால் திரும்பவும் வெள்ளை வரும். உங்கள் ஊரில் வெந்நீர்ப் பானையின் அடியில் படிகிற வெள்ளைப் பொருக்கு இதே வினைதான் என்று அங்கேயே காட்டிவிடலாம்.

---

ஊத்தங்கரை நடுநிலைப் பள்ளி

வினிகர் விட்டேன். சீறியது சார். புதுச் சுண்ணாம்பு சொல்லியிருக்கிறேன்.

---

அரூர் அப்பா

டீச்சர் எனக்கு எழுதிய பதிலை என் மகளிடம் படித்துக் காட்டினேன். "எங்களுக்கும் எல்லாமே குளோரைடுதான்பா வரும், நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை" என்றாள். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

ஒன்று கேட்க வேண்டும். எங்கள் அம்மா காலத்தில் ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது என்பார்கள். பருப்புக்கு மட்டும் ஏரிக்கரைக் கிணற்றிலிருந்து ஒரு குடம் தனியாக வரும். மழை பெய்தால் அண்டாவை வாசலில் வைத்துவிடுவார்கள், பருப்பு வேக வைக்கவே. இதுவும் இந்தக் குளோரைடுதானா?

---

தென்பெண்ணை

அப்பா, அது குளோரைடு இல்லை, கால்சியமும் மெக்னீசியமும். பருப்பின் செல்களை ஒட்டி வைத்திருக்கும் பெக்டினோடு கால்சியம் சேர்ந்துகொண்டு அதை இறுக்கிவிடுகிறது. அதனால் எவ்வளவு கொதித்தாலும் குழையாது. சிட்டிகை சோடா போட்டால் வேகும் என்பதும் இதனால்தான். சோப்பு நுரைக்காததற்கும் அதே கால்சியமே காரணம்.

உங்கள் அம்மா செய்தது ஒரு உண்மையான நீர்ப் பரிசோதனை. எங்கள் ஊர்ப் பக்கமும் பருப்பு வெந்தால் நல்ல தண்ணீர், வேகாவிட்டால் உப்புத் தண்ணீர். நான் வேலைக்குச் சேரும்வரை நானும் அதையே நம்பினேன். இப்போது தம்பிக்குச் சொல்வதாகச் சொன்ன ஃபுளோரைடு விஷயத்துக்கு வருகிறேன். இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன.

நம் இரு மாவட்டமும் கெட்டிப் பாறை நிலம். சார்னோகைட்டும் நைஸும். அந்தப் பாறைகளில் அபடைட், பயோட்டைட் போன்ற கனிமங்களில் ஃபுளோரின் இருக்கிறது. நிலத்தடி நீர் வருடக்கணக்கில் பாறை இடுக்கில் நின்று அதைக் கரைத்துக்கொள்கிறது. ஆழத்துப் போரில் கூடுதலாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

கால்சியம் நிறைய இருக்கும் நீரில் ஃபுளோரைடு ஓரளவுக்கு மேல் ஏற முடியாது. கால்சியம் ஃபுளோரைடு கரையாத உப்பு, அது ஒரு கட்டத்தில் வீழ்ந்துவிடும். கால்சியம் குறைந்து சோடியமும் பைகார்பனேட்டும் கூடிய நீரில் அந்தத் தடை இல்லை. ஆகவே சோப்பு நன்றாக நுரைக்கிற, பருப்பு சீக்கிரம் வேகிற போர் தண்ணீர் சில சமயம் ஃபுளோரைடு அதிகமுள்ளதாக இருந்துவிடும். எல்லா இடத்திலும் அப்படி என்று சொல்ல மாட்டேன். ஆனால் பருப்பை வைத்து ஃபுளோரைடைக் கண்டுபிடிக்க முடியாது. நாக்காலும் முடியாது, கண்ணாலும் முடியாது, சில்வர் நைட்ரேட்டாலும் முடியாது. மழைநீருக்கு இந்தப் பயம் இல்லை, அது பாறையைத் தொடவே இல்லை.

லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம் என்பது நம் நாட்டின் அளவு. அதற்கு மேல் தொடர்ந்து குடித்தால், நிரந்தரப் பற்கள் உருவாகிக்கொண்டிருக்கும் சின்ன வயதில் பற்களில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கோடும் விழும். இன்னும் அதிகமாக, இன்னும் நெடுநாள் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகிவிடும். நம் ஊர்ப் பெரியவர்கள் சிலர் முதுகு நிமிர்த்த முடியாமல் நடந்ததை வயதின் கோளாறு என்று நினைத்திருக்கிறோம். எல்லாமே வயதால் வந்தது இல்லை.

அதற்காகத்தான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013இல் காவிரி நீர் குழாயில் வரத் தொடங்கியது. அந்தத் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரைடு பாதிப்பைக் குறைப்பது என்பதும் சேர்ந்திருக்கிறது. ஆகவே பிள்ளைகளுக்குக் குடிக்கவும் சமைக்கவும் அந்தக் குழாய்த் தண்ணீரைக் கொடுங்கள், போர் தண்ணீர் எவ்வளவு ருசியாக இருந்தாலும் சரி. காய்ச்சினால் போய்விடும் என்று சிலர் நினைக்கிறார்கள். போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையும், ஃபுளோரைடு அப்படியே நிற்கும், அளவு கூடத்தான் செய்யும்.

---

பிளஸ் டூ பிள்ளை

நன்றி ஐயா. என் பல்லில் கோடு இருக்கிறது. பல் சரியாகத் தேய்க்காததால் வந்தது என்று ஸ்கூலில் சொல்வார்கள். ஃபுளோரைடைப் பள்ளி ஆய்வகத்திலேயே கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

---

தென்பெண்ணை

தம்பி, அந்தக் கோடு பல்லின் எனாமல் உருவாகும்போதே உள்ளே விழுந்தது. தேய்க்காததால் வந்தது இல்லை, உன் தப்பு இல்லை.

சோதனை இருக்கிறது. சிர்கோனியமும் ஒரு சாயமும் சேர்ந்த சிவப்புக் கரைசல். ஃபுளோரைடு வந்தால் அது சிர்கோனியத்தைச் சாயத்திடமிருந்து பிடுங்கித் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். சாயம் தனியாகி, சிவப்பு மங்கி மஞ்சளாகும். எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு ஃபுளோரைடு. இதற்கு நிற அட்டையோடு கையடக்கப் பெட்டி கிடைக்கிறது. சரியான எண் வேண்டும் என்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுக்கலாம். கண்ணாடி பாட்டில் வேண்டாம், சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசிப் பிடிக்க வேண்டும். எந்த ஊர், எந்தப் போர், எந்தத் தேதி என்று எழுதி ஒட்ட வேண்டும்.

---

பாலக்கோடு டீச்சர்
*பத்து நாள் கழித்து*

தாமதத்துக்கு மன்னியுங்கள். இந்த இழையை வகுப்பில் முழுதாக வாசித்தோம். அதற்குப் பிறகு பிள்ளைகள் அவரவர் ஊர்த் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். மொத்தம் பதினோரு பாட்டில். போர், திறந்த கிணறு, ஏரி, ஒகேனக்கல் குழாய் என்று எல்லாம் இருந்தது.

முதலில் சில்வர் நைட்ரேட். எல்லாவற்றிலும் 5 மில்லி, மூன்று சொட்டு அமிலம், மூன்று சொட்டு சில்வர் நைட்ரேட். கறுப்பு அட்டையின் முன்னால் கலங்கலின் வரிசைப்படி அடுக்கினோம். அப்புறம் சோப்பு. குளியல் சோப்பைச் சீவிக் கரைத்து, நுரை நிற்கும்வரை எத்தனை சொட்டு என்று எண்ணினோம். துணி பவுடரில் இது வராது, அது கடின நீரிலும் நுரைத்துவிடும் என்பதை முதல் நாள் வீணாக்கித்தான் தெரிந்துகொண்டோம்.

இரண்டு வரிசையும் பொருந்தவில்லை. சில்வர் நைட்ரேட்டில் நடுவில் நின்ற ஒரு போர் தண்ணீர், சோப்பில் முதலாவதாக வந்தது, நான்கே சொட்டில் நுரை. பிள்ளைகள் எண்ணிக்கை தப்பு என்று மூன்று முறை திரும்பச் செய்தார்கள். அதே நான்கு. அந்தப் பாட்டிலைக் கொண்டுவந்த பையன் "எங்கள் ஊரில் இதுதான் டீச்சர் நல்ல தண்ணி, பருப்பு ஒரு விசில்ல வெந்துடும், குடிக்கிறதும் இதுதான்" என்றான். தென்பெண்ணை ஐயா எழுதியதை அதற்கு முன்தினம்தான் வாசித்திருந்தோம். வகுப்பில் யாரும் ஒன்றும் பேசவில்லை.

அவன் பாட்டில் பாதி மிச்சம் இருந்தது. அதை விட்டுவிட்டு, ஐயா சொன்னபடி அலசிப் புதிதாக ஒரு லிட்டர் பிடித்துவரச் சொன்னேன். ஊர் பெயரும் தேதியும் எழுதி ஒட்டி வைத்திருக்கிறோம். திங்கட்கிழமை நானே தருமபுரிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். முடிவு வந்ததும் இங்கே எழுதுகிறேன். அதுவரை ஒகேனக்கல் குழாயில் பிடித்துக் குடிக்கச் சொல் என்று அவன் அம்மாவிடம் போனில் பேசிவிட்டேன்.

லேப் அசிஸ்டென்ட் ஐயாவுக்கு ஒரு செய்தி. வியாழன் ராத்திரி இங்கே நல்ல மழை. வாட்ச்மேன் அண்ணனிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன், முக்காலி, டிரம், வேட்டித் துணி, எல்லாம் நீங்கள் சொன்ன மாதிரியே. மழை பிடித்துக் கால் மணி நேரம் கழித்து அவரே நனைந்துகொண்டு போய் மூடியைத் திறந்திருக்கிறார். முக்கால் டிரம் நிறைந்திருந்தது. கூரைக் குழாயிலும் ஒரு பாட்டில் பிடித்தோம், ஒப்பிட்டுப் பார்க்க. கூரைத் தண்ணீர் சில்வர் நைட்ரேட்டில் மெல்லக் கலங்கியது. டிரம் தண்ணீர் அசையவே இல்லை.

கேள்விக்குறி போட்ட பெண் அந்தத் தண்ணீரில் கால்சியம் கார்பனேட்டைத் திரும்பச் செய்தாள். சில்வர் நைட்ரேட் விட்டுவிட்டு ஐந்து நிமிடம் குழாயைக் கறுப்பு அட்டையின் முன்னால் பிடித்தபடியே நின்றாள். பிறகு நோட்டைத் திறந்து குளோரைடை ஒரு கோட்டில் அடித்தாள்.

---

பழைய லேப் அசிஸ்டென்ட்

டிரம்மை வெயில் படாமல் மூடி வையுங்கள் டீச்சரம்மா, பாசி பிடிக்கும். அடுத்த மழைக்கு இரண்டாவது டிரம் வையுங்கள். செய்முறைத் தேர்வு வரைக்கும் ஒன்று போதாது.